ஓடை மீன் எவ்வளவு வெப்பம் தாங்கும்? ஊவா மலைகளுக்கான ஒரு கணக்கு

பதுளை மாவட்டத்தின் நீரோடைகள் மிகக் குறுகிய தூரத்துக்குள் பல வகையான காலநிலைகளைக் கடந்து ஓடுகின்றன. ஹோட்டன் சமவெளியின் விளிம்பை ஒட்டிய 2,000 மீற்றர் உயரத்து மலைகளில் ஊறும் நீர், அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளின் தேயிலை மலைகளையும் மரக்கறித் தோட்டங்களையும் தாண்டி, 700 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் உள்ள பதுளை நகரின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, இறுதியில் மகாவலியின் வெப்பம் மிகுந்த பள்ளத்தாக்கில் சென்று சேர்கிறது. உயரம் 1,000 மீற்றர் குறையும்போது காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் கூடும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், மேலே வாழும் மீனும் கீழே வாழும் மீனும் ஒரே ஆற்றின் குடிகளாக இருந்தாலும் வெவ்வேறு உலகங்களில் வாழ்கின்றன என்பது புலப்படும். அவற்றுக்குத் தங்கள் உடலைத் தாமே சூடாக்கவோ குளிர்விக்கவோ இயலாது. நீர் 18 பாகையில் இருந்தால் மீனின் உடலும் 18 பாகையில் இருக்கும். நீர் 28 பாகையானால் உடலும் அப்படியே ஆகும். மீன், நண்டு, இறால், தவளையின் வாற்பேய் போன்ற இத்தகைய உயிர்களையே குளிர்க்குருதி விலங்குகள் என்கிறோம். அவற்றின் குருதி எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. சூழலின் வெப்பத்தை அது அப்படியே ஏற்கிறது என்பதே இதன் பொருள்.

உடல் வெப்பம் கூடும்போது உயிரணுக்களுக்குள் நிகழும் வேதிவினைகள் யாவும் விரைவடைகின்றன. பொதுவாக வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், ஓய்வில் இருக்கும் மீன் செலவிடும் ஒட்சிசனின் அளவு இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. ஆனால் நீரோ இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது: சூடாகச் சூடாக அது ஒட்சிசனைக் கைவிடுகிறது. கடல் மட்டத்தில் 20 பாகையிலுள்ள ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்க வல்லது. 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். மலையில் காற்றழுத்தமும் குறைவு என்பதால், பண்டாரவளை போன்ற 1,200 மீற்றர் உயரத்து இடத்தில் அதே வெப்பநிலையில் கரையக்கூடிய ஒட்சிசன் கடல் மட்டத்தில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறையும். தேவை ஏறும் நேரத்தில் வரவு இறங்கும் இந்த நெருக்கடிதான் வெப்பம் மீனைக் கொல்லும் வழிகளுள் ஒன்று. இன்னும் மேலே போனால், உயிரணுச் சவ்வுகள் இளகி, புரதங்கள் தம் வடிவத்தை இழந்து, நரம்புகளின் ஒழுங்கான இயக்கமும் குலைகிறது. வரிக்குதிரை மீனின் குஞ்சுகளை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, வெப்பம் ஏறும்போது மூளையின் செயற்பாடு தடைப்படுவதையும், நீரில் ஒட்சிசனைக் கூட்டினால் அந்தத் தடை சற்றுத் தள்ளிப்போவதையும் காட்டியது.

இத்தகைய உயிர் ஒன்று எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று அளப்பதற்கு இரண்டு வழிகள் வேரூன்றியுள்ளன. முதலாவது, 1944இல் கவுல்ஸ், போகர்ட் என்ற இரு அமெரிக்க விலங்கியலாளர்கள் பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்தபோது வகுத்து, பின்னர் நீர்வாழ் உயிர்களுக்கும் பரவிய முறை. உயிரைக் கொல்லாமலே எல்லையைக் கண்டறிவது இதன் சிறப்பு. மீன்கள் முதலில் ஒரு குறித்த வெப்பநிலையில், வழக்கமாக இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல், வைத்துப் பழக்கப்படுத்தப்படுகின்றன. பரிசோதனைக்கு முந்திய நாள் இரை நிறுத்தப்படுகிறது. பின்னர் காற்றுக் குமிழிகள் ஓயாமல் செலுத்தப்படும் தொட்டியொன்றில் விடப்பட்டு, நீர் சீரான வேகத்தில் சூடாக்கப்படுகிறது. மீன்களுக்குப் பெரும்பாலும் பின்பற்றப்படும் வேகம் நிமிடத்துக்கு 0.3 பாகை, அதாவது 20 பாகையிலிருந்து 35 பாகையை அடைய 50 நிமிடங்கள் ஆகும். மீனின் உடல் வெப்பம் நீரைவிட்டுப் பின்தங்காத அளவுக்கு மெதுவாகவும், மீன் இடையில் பழகிக்கொள்ள நேரமில்லாத அளவுக்கு விரைவாகவும் இருக்கவேண்டும் என்பதே இந்த வேகத்துக்கான காரணம்.

தொட்டியின் அருகில் அமர்ந்து பார்ப்பவருக்கு முதற்பாதியில் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. செவுள் மூடிகள் அடிக்கும் விரைவு மட்டும் கூடிக்கொண்டே போகும். பின்னர் மீன் அமைதியிழந்து சுவரோரமாக மேலும் கீழும் நீந்தத் தொடங்கும். சில மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எல்லையை நெருங்கும்போது உடல் ஒரு பக்கமாகச் சாயும், மீன் சிரமப்பட்டு நிமிரும், மறுபடி சாயும். ஒரு கட்டத்தில் மல்லாந்து போய், நிமிர முடியாமல் சில நொடிகள் அப்படியே கிடக்கும். அந்த நொடியில் வெப்பமானி காட்டும் அளவு குறிக்கப்பட்டு, மீன் உடனே சிறு வலையால் அள்ளப்பட்டுக் குளிர்ந்த நீருக்கு மாற்றப்படுகிறது. அங்கு அது சில நிமிடங்களில் நிமிர்ந்து நீந்தவேண்டும். நிமிராமல் இறந்துவிட்டால் அந்த அளவீடு கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. பல மீன்களுக்குக் கிடைத்த அளவுகளின் சராசரியே அந்த இனத்தின் உச்ச வெப்ப எல்லை எனப்படுகிறது. நண்டையும் இறாலையும் பொறுத்தவரை, மல்லாத்திப் போட்டால் திரும்பிக் கவிழ முடியாத நிலையும், வாற்பேயைப் பொறுத்தவரை தொட்டாலும் அசையாத நிலையும் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. இந்நிலையை அடைந்த உயிர் ஆற்றில் இருந்திருந்தால், சூட்டிலிருந்து நீந்தி விலகும் வலுவை இழந்திருக்கும். ஆகவே உயிர் போகாவிட்டாலும் அது இறந்ததற்குச் சமமே.

இரண்டாவது முறையைக் கனடாவின் டொரொண்டோவில் பிரெட்ரிக் ஃபிரை 1940களில் செம்மைப்படுத்தினார். இதில் நீர் படிப்படியாகச் சூடாக்கப்படுவதில்லை. வெவ்வேறு நிலையான வெப்பநிலைகளில் உள்ள தொட்டிகளில் மீன்கள் நேரடியாக விடப்பட்டு, ஒவ்வொன்றிலும் பாதி மீன்கள் இறப்பதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடப்படுகிறது. கொடிய சூட்டில் நிமிடங்களிலும், சற்றுக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கிலும் இறப்பு நிகழும். அதற்கும் கீழே, பாதி மீன்கள் நாட்கணக்கில் உயிருடன் தாக்குப்பிடிக்கும் ஒரு வெப்பநிலை வரும். இந்த எல்லை முதல் முறையில் கிடைக்கும் எல்லையைவிடப் பெரும்பாலும் சில பாகைகள் குறைவாகவே இருக்கும். கொழுந்து மூட்டையைத் தராசு வரை தூக்கிச் செல்லும் தொழிலாளி, அதே சுமையை நாள் முழுவதும் தலையில் வைத்திருக்க முடியாது என்பதைப் போன்றதே இது. உச்ச வெப்ப எல்லை ஒரு மணி நேரத்துச் சகிப்பைக் கூறுகிறது. ஆற்றில் உயிர் வாழ்வதற்கு வேண்டியதோ ஒரு பருவம் முழுவதற்குமான சகிப்பு. நூல்களில் காணப்படும் பெரிய எண்களைப் பார்த்துவிட்டு, மீனுக்கு ஆபத்தில்லை என்று முடிவுகட்டுவோர் பலரும் இந்த வேறுபாட்டைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

எல்லை என்பது ஓர் இனத்தின் மேல் பொறிக்கப்பட்ட நிலையான எண்ணும் அல்ல. பொன்மீன்களை ஆராய்ந்த ஃபிரையும் அவருடைய துணை ஆய்வாளர்களும், பழக்கப்படுத்திய வெப்பநிலை 3 பாகை கூடினால் மீன் தாங்கும் மேல் எல்லை ஏறத்தாழ 1 பாகை உயர்கிறது என்று கண்டார்கள். மீனின் உடலுக்குள் சவ்வுகளின் கொழுப்பு அமைப்பு மாறுவதும், குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் துணைப் புரதங்கள் பெருகுவதும் இதற்குக் காரணமாகின்றன. இந்த நெகிழ்வுக்கும் ஓர் அளவு உண்டு. 1967இல் அண்டார்டிக் கடல் மீன்களைச் சோதித்த சொமரோ, டெவ்ரீஸ் ஆகியோர், உறைநிலையை ஒட்டிய நீரில் வாழும் அம்மீன்கள் 6 பாகை அளவிலேயே வெப்பத்தால் இறப்பதைக் கண்டனர். பதுளையின் மிகக் குளிர்ந்த விடியற்காலை நீர்கூட அவற்றுக்குக் கொலைக்களமாகும். வயதும் முக்கியம். 694 மீன் இனங்களைப் பற்றிய அளவீடுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு, முட்டைக்குள் இருக்கும் கருக்களும் இனப்பெருக்கப் பருவத்து மீன்களும் மற்ற வளர்ந்த மீன்களைவிட மிகக் குறுகிய வெப்ப வரம்புக்குள்ளேயே வாழக்கூடியவை என்று நிறுவியது. வளர்ந்த மீன் நீந்துகிறது என்பதால் அந்த ஓடையில் அதன் சந்ததி பிழைக்கும் என்று கொள்ள முடியாது.

அளவீடு எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்பது எத்தனை முக்கியமென்று உணர்த்தும் பழைய சான்று ஒன்று இலங்கையிலேயே உண்டு. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலிருந்து வழியும் ஓடையில் பிடித்த மீன்களை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரெய்னோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசிலிருந்த விலங்கியலாளர் கூவியேவுக்கு அனுப்பிவைத்தார். மீன்களைப் பிடித்தபோது வெப்பமானி 115 பாகை பரனைட்டைக் காட்டியதாக அவர் குறித்தார் என்று, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அது 46 பாகை செல்சியஸ். இன்றைய அளவீடுகளின்படி மிக வெப்பம் தாங்கும் பாலைவன மீன்களே 45 பாகையை ஒட்டி நிலைகுலைகின்றன. ஆகவே அந்த எண் மீன் வாழ்ந்த நீரின் வெப்பமாக இருந்திருக்க இயலாது. வெந்நீர் ஊற்றின் வாய்க்கும், அது சில அடி தள்ளி ஆறி ஓடும் கரையோரத்துக்கும் இடையே பல பாகை வித்தியாசம் இருக்கும். மீன் அந்த ஆறிய நீரில் இருந்திருக்கும். வெப்பமானி சூடான நீரில் இருந்திருக்கும். ஆற்றின் வெப்பத்தை அளப்போர் இன்றும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுதான்: ஒரே மடுவில் வெயில் படும் மேற்பரப்பு ஒன்றும், பாறைக்கு அடியில் ஊற்றுக் கசியும் மூலை வேறொன்றும் காட்டும்.

மத்திய மலைநாட்டில் வெப்ப எல்லையை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தானே எடுத்துக்காட்டி நிற்கும் மீன் ட்ரவுட். பிரித்தானியத் தோட்டத்துரைமாரின் தூண்டில் பொழுதுபோக்குக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நுவரெலியாப் பகுதிக்கு இதன் முட்டைகள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் நிறுவப்பட்டதும் இதே வேட்கையால்தான். 12 முதல் 18 பாகைக்கு இடைப்பட்ட நீரிலேயே ரெயின்போ ட்ரவுட் செழிப்பாக வாழ்கிறது. 25 பாகையைத் தாண்டிய நீர் நீடித்தால் அது பிழைப்பது அரிது. ஆகவே ஹோட்டன் சமவெளியைப் போன்ற மிக உயர்ந்த இடங்களின் ஓடைகள்தாம் அதற்கு இடமளித்தன. கீழே பதுளைப் பள்ளத்தாக்கின் ஆறுகளில் அதனைக் குடியமர்த்த எந்த முயற்சியும் பலன் தராது. வேட்டையாடும் வேற்று மீனொன்று நாட்டின் மற்ற ஓடைகளுக்குள் பரவாமல் வெப்பமே காவல் நின்றது என்பது சூழலியல் நோக்கில் நன்மையே. ஆனால் அதே குளிர்ந்த நீரையே நம்பி, இந்நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர்களும் வாழ்கின்றன. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் மட்டுமே காணப்படும் சின்னஞ்சிறு நன்னீர் இறால் இனமொன்று அவற்றுள் ஒன்று. நீர் சூடானால் அதற்குப் போக்கிடம் இல்லை; அதற்கு மேலே மலையே இல்லை.

மறுபுறத்தில், ஊவாவின் தாழ்நிலக் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் உள்ள மீன்வளத்தைப் பற்றி அந்த அளவு கவலை வேண்டியதில்லை. ஆபிரிக்காவிலிருந்து 1950களில் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், இந்தியப் பெருங்கெண்டைகளான ரோகு, கட்லா, மிரிகாலும், நன்னீர்ப் பெரிய இறாலும் வெப்பம் தாங்கும் திறனில் முன்னிற்பவை. மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட அளவீடுகளில், இந்தக் கெண்டைக் குஞ்சுகளும் இறாலும் 40 பாகைக்கு மேல்தான் நிலைகுலைந்தன. தாழ்நிலத்து உணவு மீன்களைக் குறித்து இவ்வாறு கிடைக்கும் ஆறுதலை மலை ஓடைகளின் மீதும் ஏற்றிப் பேசுவது தவறு. உச்ச வெப்ப எல்லைக்கும், அந்த உயிர் வாழும் நீர் ஆண்டில் எட்டும் மிக உயர்ந்த வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியே அதன் பாதுகாப்பு எல்லை. 40 பாகை தாங்கும் மீனுக்கு 36 பாகைக் குளத்தில் இருப்பது 4 பாகை. 30 பாகை தாங்கும் மீனுக்கு 20 பாகை ஓடையில் இருப்பது 10 பாகை. நிழலை இழந்து அந்த ஓடை 28 பாகையானால், மலைமீனின் இடைவெளி 2 பாகையாகச் சுருங்கிவிடும்.

தலைமுறை தலைமுறையாக மீன்கள் பழகி எல்லையை உயர்த்திக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கும் அறிவியல் அதிக இடம் தரவில்லை. மேற்கு வங்காளத்தின் ஆறுகளில் பிடித்த வரிக்குதிரை மீன்களின் வழிவந்தவற்றை நோர்வேயில் ஆறு தலைமுறைகள் வரை வளர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அதிக வெப்பம் தாங்கியவற்றையே தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வித்த ஆய்வு 2020இல் வெளியானது. தெரிவு அத்தனை கடுமையாக இருந்தும், எல்லை தலைமுறைக்கு 0.04 பாகை மட்டுமே உயர்ந்தது. ஊவாவின் ஓடைகளில் மந்தையாக நீந்தும், பக்கவாட்டில் நீலக் கோடுகள் ஓடும் வெள்ளிநிறச் சிறுமீன் இந்த வரிக்குதிரை மீனுக்கு நெருங்கிய உறவு. நீர் வெப்பமாகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து அது தன் எல்லையை உயர்த்திக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

சமவெளி ஆறுகளின் மீன்கள் நீர் சூடானால் மேல்நோக்கி நீந்திக் குளிர்ந்த இடத்தைத் தேடலாம். ஊவாவில் அந்த வழியை நிலமே அடைத்திருக்கிறது. பதுளு ஓயாவில் 64 மீற்றர் உயரத்துத் துன்ஹிந்த, கொஸ்லாந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்துத் தியலும, மாவட்டத்தின் தெற்கு விளிம்பில் நாட்டின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சியான 263 மீற்றர் பம்பரகந்த ஆகியவை சுற்றுலாப் பயணிகளுக்கு அழகு. மீனுக்கு ஏற முடியாத சுவர். ஆகவே ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட ஓடைப் பகுதியின் உயிர்கள் தத்தம் நீரின் குளிர்ச்சியைக் கொண்டே பிழைத்தாக வேண்டும்.

அந்தக் குளிர்ச்சியைத் தருவது நிழலும் ஊற்றும். இரண்டும் தோட்டங்களின் வரலாற்றில் பெரிதும் தேய்ந்தவை. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் 19ஆம் நூற்றாண்டில் மலைகளின் காடு அழிக்கப்பட்டபோது ஆற்றோரத்து மரங்களும் பல இடங்களில் சேர்ந்தே வெட்டப்பட்டன. கரையோர மரங்களை இழந்தால் ஓடைக்கு என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1960களில் அளந்து பார்த்தார்கள்: காடு முழுதும் வெட்டப்பட்ட ஓடை ஒன்றில் நாளின் உச்ச வெப்பநிலை கோடை மாதமொன்றின் சராசரியாக 8 பாகை அளவுக்கு உயர்ந்தது. ஊவாவில் இதற்குத் துணைசெய்யும் ஒரு பருவமும் உண்டு. ஜூன் முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி ஊவாவின் பக்கம் இறங்குகிறது. கிழக்கிலங்கையில் கச்சான் என்று அழைக்கப்படும் காற்று இதுவே. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் மணம் இந்த வறட்சியில்தான் பிறக்கிறது. அதே வாரங்களில் ஓடைகள் ஒடுங்கி, மரக்கறித் தோட்டங்களின் பம்புகளுக்கும் லயங்களின் பீலிகளுக்கும் போக எஞ்சிய நீர் கல்லிடுக்குகளில் மெல்லிய படலமாக ஓடுகிறது. ஆழமற்ற, மெதுவாக ஓடும் நீர் வெயிலில் மிக விரைவாகச் சூடேறும். 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட 120 மெகாவாற் உமா ஓயாத் திட்டம், புஹுல்பொல, டயரபா அணைகளிலிருந்து நீரைச் சுரங்கத்தின் வழியே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பிவிடுகிறது. அணைகளுக்குக் கீழே ஆற்றில் விடப்படும் நீரின் அளவைத் தீர்மானிக்கும்போது அதன் வெப்பநிலையையும் சேர்த்துக் கருதவேண்டும் என்பது இதனால்தான்.

ஆய்வுகூடத் தொட்டியில் கிடைக்கும் எண்ணை ஓடையின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் பயனுண்டு. நீர்வாழ் வளங்களைப் பாடமாகக் கற்பிக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது; மலை ஓடை மீன்களின், நண்டுகளின் வெப்ப எல்லைகளை அவை வாழும் உயரத்திலேயே அளப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடமில்லை. தோட்ட நிர்வாகங்களின் பங்கும் உண்டு: ஓடையின் இரு கரையிலும் சில மீற்றர் அகலத்துக்குத் தேயிலையை விட்டுக்கொடுத்து, உள்நாட்டு மரங்களை வளரவிட்டால், மண்ணரிப்புக் குறைவதோடு நீரின் நண்பகல் வெப்பமும் தணியும். அந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய ஓடையின் வெப்பநிலையை மட்டும் எவரும் அளந்து வைக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு வெப்பமானியும் ஒரு பயிற்சிக் கொப்பியும். பிற்பகல் இரண்டு மணியளவில், நிழலிலும் வெயிலிலும் ஒவ்வோர் இடமாக, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் அளந்து, திகதியோடும் நீரின் ஆழத்தோடும் எழுதி வைத்தால் போதும். பசறை, லுணுகலை, பூனாகலை, தெமோதரைப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள், அடுத்த வறண்ட பருவம் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே தம் மாணவர்களைக் கொண்டு இந்தப் பதிவைத் தொடங்கவேண்டும்.